முதுகு வலியும் நிபுணர் கருத்தும்

முதுகு வலி முதியோர்க்கே உரியது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். இருபத்து மூன்று வயதில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஈஜிபுராவில் என் வாடகை அறையில், விடியற்காலை மூன்று மணிக்கு வலி என்னை எழுப்பும். காலையில் ஒரு மணி நேரம் குனிந்து செருப்பு மாட்டவும் இயலாது. ஆய்வுக்கூடத்தில் நடமாடத் தொடங்கினால் வலி குறையும்! ஓராண்டில் இரண்டு வைத்தியர்களைக் கண்டேன். "உட்கார்ந்தே படிப்பதால் வந்தது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள்" என்றனர். ஓய்வெடுத்தேன்; வலி வளர்ந்தது.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. பிடிப்பு, சுளுக்கு முதலியவற்றால் வரும் வலி பெரும்பாலும் ஓய்வில் தணியும். அழற்சியால் வரும் வலியோ ஓய்வில் மிகும். உடலை இயக்கினால் தணியும். நாற்பது வயதுக்கு முன் மெல்லத் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, பின்னிரவில் உறக்கத்தைக் கெடுத்து, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பும் தருமாயின், 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்னும் முதுகெலும்பு அழற்சியோ என்று ஐயுற வேண்டும். நோய் முற்றினால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு மூங்கிலைப் போல் விறைத்துவிடக்கூடும்.

இதற்கு நிபுணர் எதற்கு? எக்ஸ்ரேயில் மாறுதல் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். எம்.ஆர்.ஐ. படம் அதை முன்னரே காட்டக்கூடும். ஆனால் அதைப் படிக்கவும் பழகிய கண் வேண்டும். எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக் குறிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-இல் வெளிவந்தது. எனினும் அக்குறி உடையோரில் மிகப் பலருக்கு நோய் வருவதேயில்லை. அது இல்லாத சிலருக்கு வருகிறது. எனவே தனியொரு சோதனை தீர்ப்பாகாது. அனைத்தையும் சேர்த்து எடைபோடுபவரே ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாதநோய் நிபுணர்.

என்னைப் பார்த்த நிபுணர் முதலில் கேட்டது, "கண் சிவந்து வலித்ததுண்டா?" என்பதே. தேர்வு நாட்களில் அவ்வாறு வலித்தது. கண்ணுக்கும் முதுகுக்கும் உறவிருக்கும் என்று நான் கனவிலும் கருதவில்லை. அழற்சி கண்ணையும் தாக்குமாம்!

நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் அழற்சியை அடக்கும் மருந்துகளும் நாள்தோறும் உடற்பயிற்சியும் பலருக்கு நல்வாழ்வு தருகின்றன. காலம் தாழ்த்தாமையே முக்கியம்.

எல்லா முதுகு வலியும் இந்நோயன்று, அஞ்ச வேண்டா. ஆனால் மேற்சொன்ன குறிகள் இருப்பின், எப்போது வலிக்கிறது, எதனால் தணிகிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஈஜிபுராவுக்கு அண்மையில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாதநோய்க்கெனத் துறை உண்டு, வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு. நிபுணரைக் காண விரும்புவது முதல் வைத்தியரை அவமதிப்பதாகாது. அவரிடமே சீட்டு எழுதித் தரக் கேளுங்கள். கேட்கக் கூசி நான் இழந்தது ஓராண்டு.