மானாம்பதிப் பெண்ணுக்கு ஓட்டு வந்த வழி

மானாம்பதியில் 18 வயது நிரம்பிய எந்தப் பெண்ணும் இன்று வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம். உனக்கு எவ்வளவு நிலம், உன் புருஷன் யார், எழுதப் படிக்கத் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் சட்டமே இவற்றைக் கேட்டது. அந்தக் கேள்விகளை எதிர்த்து முதலில் அணி திரண்டவர்களில் சென்னை அடையாற்றில் பிறந்த இந்திய மாதர் சங்கத்துக்குப் பெரிய இடம் உண்டு.

பக்கத்து உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டு நம் பெருமை. அதை முழுதாகவும் படிக்க வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், 921ஆம் ஆண்டில் வெட்டப்பட்ட அந்த விதிகளின்படி, ஊர்ச் சபையின் வாரியத்துக்கு வர நினைப்பவருக்கு வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். பெண்ணின் பெயரோ, கூலிக்கு உழுதவரின் பெயரோ அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை.

ஆயிரம் ஆண்டு கழித்து வெள்ளையர் ஆட்சியிலும் நிலம்தான் வாசலில் நின்றது. கூடவே, பெண் என்பதும் தடை. 1917 மே 8 அன்று இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டபோது அன்னி பெசன்ட் தலைவரானார். வேலைகளைச் சுமந்தவர்கள் டாரதி ஜினராஜதாசாவும் மார்கரெட் கசின்ஸும். கசின்ஸ் அயர்லாந்துக்காரர், பெண்களின் வாக்குரிமைக்காக அங்கே சிறை சென்றவர். அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, சென்னை வந்திருந்த இந்தியா மந்திரி மாண்டேகுவையும் வைசிராய் செம்ஸ்போர்டையும் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சந்தித்தது. ஆண்களுக்குத் தரப்போகும் ஓட்டை எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்டது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முடிவை மாகாண சபைகளிடம் தள்ளிவிட்டது. 1921இல் சென்னை சட்டசபை முதலாவதாகப் பெண்களுக்கான தடையை நீக்கியது.

அப்போது பிரான்சின் பெண்களுக்கு ஓட்டில்லை. லியோன் ரிஷே 1882இல் நிறுவிய பிரெஞ்சுப் பெண்கள் உரிமைக் கழகத்துக்கு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ கௌரவத் தலைவராக இருந்தார். அவ்வளவு பெரிய பெயர் துணையிருந்தும், 1919இல் கீழவை ஏற்ற வாக்குரிமை மசோதாவை 1922இல் செனட் தள்ளுபடி செய்தது. 1944 வரை அங்கே பெண்கள் காத்திருந்தார்கள்.

ஆனால் 1921இல் சென்னை நீக்கியது ஒரு தடையை மட்டும்தான். தன் பெயரில் சொத்தோ, கட்டும் வரியோ இருந்த பெண்ணுக்கே ஓட்டு. நாற்று நட்டவளுக்கு அது எட்டவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது சொத்துள்ளவனின் மனைவிக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவளுக்கும் ஓட்டு வந்தது. அந்தச் சட்டம் விவாதத்தில் இருந்தபோதே, மனைவி என்ற தகுதியால் வரும் ஓட்டு வேண்டாம், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று இந்திய மாதர் சங்கமும் அகில இந்திய மாதர் மாநாடும் மற்ற பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து வற்புறுத்தின. 1933இல் லண்டன் போய் நாடாளுமன்றக் குழுமுன் இதைச் சொன்ன மூவரில் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. படித்த, வசதியான பெண்களின் சங்கம்தான் இந்திய மாதர் சங்கம். அந்தப் பெண்கள் தங்களுக்கு எளிதாகக் கிடைத்திருக்கக்கூடிய ஓட்டோடு நிற்காமல் எல்லோருக்குமாகக் கேட்டார்கள் என்பதற்காகவே அவர்களை மதிக்கிறேன். அரசியல் சட்டம் அந்தக் கோரிக்கையை ஏற்றது. 1952 தேர்தலில் வயல்காட்டுப் பெண்ணும் வரிசையில் நின்றாள்.

உள்ளாட்சியில் பெண்களுக்கான இடத்தைத் தமிழ்நாடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தியது. காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளில் அது நடைமுறைக்கு வந்தது 2021 அக்டோபர் தேர்தலில். தலைவி நாற்காலியில் இருக்க, கணவர் பேசும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் தொடர்கிறது. வீட்டு நிலத்தில் பெயரில்லாதவள் கிராம சபையில் குரல் உயர்த்துவது எளிதல்ல. அந்த வழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதையும் இந்த மண்ணில் முன்பே சொல்லிவிட்டார்கள். அன்று மானாம்பதி இருந்த செங்கல்பட்டு ஜில்லாவின் செங்கல்பட்டு நகரில், 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாடு சட்டமாக்க 60 ஆண்டுகள் ஆயின. 1989ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஈடான பங்கு தந்தது. அதற்கு முன் கலியாணமான மகள்களை விட்டுவிட்டது. 2005ஆம் ஆண்டு மத்திய சட்டத் திருத்தம் அவர்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே 1980இல் மானாம்பதியிலிருந்து கலியாணமாகிப் போன மகளும் இன்று பங்கு கேட்கலாம். 2004 டிசம்பர் 20க்கு முன்பே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தாலோ, சொத்து முறையாக விற்கப்பட்டிருந்தாலோ அதை மாற்ற முடியாது.