துக்கம் தாக்கும்போது இதயத்தில் நடப்பது என்ன?

பத்தாம் வகுப்பில் இதயத்தின் அமைப்பை நடத்தும்போது, இடது வெண்டிரிக்கிளின் சுவரை மட்டும் தடிமனாக வரைந்து காட்டுகிறோம். பெருந்துக்கமோ அதிர்ச்சியோ தாக்கும்போது அந்தத் தடித்த சுவரின் ஒரு பகுதி சரியாகச் சுருங்காமல் போய்விடக்கூடும். பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். நம் ஆசிரியர் அறைகளில் அந்த வயதினர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

1990இல் ஜப்பானிய மருத்துவர் ஹிகாரு சாட்டோவும் அவருடைய குழுவினரும் இதற்கு 'டகோட்சுபோ' என்று பெயரிட்டனர். அது ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும், கழுத்து குறுகிய பானையின் பெயர். வெண்டிரிக்கிளின் நுனிப்பகுதி உப்பி நிற்க, மேற்பகுதி மட்டும் வேகமாகச் சுருங்குவதால் படத்தில் அந்தப் பானை வடிவமே தெரியும்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய ஒரு ஜூன் மாதம். தம்பி இறந்த மூன்றாம் நாள் பள்ளிக்கு வந்த சக ஆசிரியை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வாயுப் பிடிப்பாத்தான் இருக்கும் டீச்சர், சுக்குத்தண்ணி குடிங்க" என்றது ஒரு குரல். நல்லவேளை, இன்னொருவர் 108ஐ அழைத்தார். தென்காசியில் எடுத்த ஈசிஜி மாரடைப்பு போலவே இருந்தது. இரத்தத்தில் ட்ரோபோனினும் கூடியிருந்தது. திருநெல்வேலியில் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இதயத் தமனிகளில் அடைப்பே இல்லை! எக்கோவில்தான் உப்பிய நுனி தெரிந்தது.

அறிகுறியை வைத்தோ ஈசிஜியை மட்டும் வைத்தோ மாரடைப்பையும் இதையும் பிரிக்க முடியாது. ஆகவே 'கவலையால் வந்த வலிதானே' என்று வீட்டில் படுத்திருப்பது ஆபத்து. தமனி அடைபட்டிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை அழியும். ஐயம் தீராதபோது எம்.ஆர்.ஐ. உதவும், டகோட்சுபோவில் தசை வீங்கியிருக்கும், மாரடைப்பில் காணும் தழும்பு பெரும்பாலும் இராது.

படம் பெயர் சொல்வதோடு நிற்பதில்லை, சிகிச்சைக்கும் வழிகாட்டுகிறது. நம் பேரருவி பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து, பொங்கி வழிந்து கீழே வருகிறது. உப்பிய வெண்டிரிக்கிளுக்கு அப்படிப் பொங்கித் தள்ளும் விசை இல்லை. நுனியில் இரத்தம் தேங்கி உறையலாம். எக்கோவில் உறைகட்டி தெரிந்தால் இரத்தம் உறையாமலிருக்க மருந்து தருவார்கள். சிலருக்கு மேற்பகுதியின் மிகைச் சுருக்கத்தால் இரத்தம் வெளியேறும் வழியே குறுகிவிடும். அந்நிலையில் இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதே என்று இதயத்தை முடுக்கும் ஊசியைப் போட்டால் நிலைமை மோசமாகும். அதனால் முதலில் எக்கோ பார்ப்பார்கள்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. வலி நின்றதை வைத்து அதை முடிவுசெய்ய இயலாது; மறு எக்கோ வேண்டும். எங்கள் ஆசிரியைக்கு ஆறாம் வாரம் எடுத்தார்கள்; நுனி நன்றாகச் சுருங்கியது. இது மீண்டும் வரக்கூடும் என்பதால் அந்த அறிக்கைகளைக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறார்.