ஒரே கட்சிக்குள் ஏன் இவ்வளவு சண்டை? அமெரிக்க பிரைமரியைப் புரிந்துகொள்ள

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கினால், ஒரே கட்சிக்காரர்கள் தொலைக்காட்சி மேடையில் நின்று ஒருவரை ஒருவர் தாக்கிப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்சித் தலைமை கூப்பிட்டுக் கண்டிக்காதா என்று தோன்றும்.

கண்டித்தாலும் பலன் இல்லை. அங்கே அதிபர் வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்தல்தான் பிரைமரி (கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் முதற்கட்டத் தேர்தல்). தேர்தல் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் வரை நீளும். வாங்கும் வாக்கைப் பொறுத்து டெலிகேட்டுகள் (கட்சி மாநாட்டில் அந்த வேட்பாளருக்காக வாக்களிக்கும் பிரதிநிதிகள்) கிடைப்பார்கள். பாதிக்கு மேல் சேர்த்தவர் வேட்பாளர்.

போட்டி சரி, தனிமனிதத் தாக்குதல் எதற்கு?

கொள்கையில் சண்டை போட அதிகம் இல்லாததுதான் காரணம். 2008-ல் ஜனநாயகக் கட்சியில் மோதிய ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும், ஈராக் போர் போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலும் ஒரே திசையில்தான் பேசினார்கள். எனவே ஹிலாரி தரப்பு அனுபவத்தைக் கையில் எடுத்தது. விடியற்காலை 3 மணிக்கு வெள்ளை மாளிகையில் தொலைபேசி அடித்தால் எடுக்கத் தகுந்தவர் யார் என்று ஒரு விளம்பரமே வந்தது. ஒபாமாவின் பெயரைச் சொல்லாமலே அவர் மேல் விழுந்த அடி அது.

கூட்டமும் ஒரு காரணம். 2016-ல் குடியரசுக் கட்சியில் 17 பேர் களத்தில் இருந்தார்கள். அத்தனை பேரில் பெயர் வெளியே தெரியவேண்டும், இல்லையென்றால் நன்கொடை நின்றுவிடும். ஜனநாயகக் கட்சியில் இன்னொரு நெருக்கடி: 15 சதவீத வாக்குகூட வாங்காதவருக்கு டெலிகேட் கிடையாது.

இப்படி அடித்துக்கொண்டால் நவம்பரில் நடக்கும் அதிபர் தேர்தலில் கட்சி தோற்காதா?

தோற்றதும் உண்டு, ஜெயித்ததும் உண்டு. 1980-ல் பதவியில் இருந்த அதிபர் கார்ட்டரை எதிர்த்து எட்வர்ட் கென்னடி மாநாடு வரை போராடினார். பணவீக்கம், ஈரானில் பிணைக்கைதிகள், அதோடு இந்தப் பிளவு; கார்ட்டர் ரீகனிடம் தோற்றார். ஆனால் அதே ஆண்டில், பிரைமரியில் ரீகனின் பொருளாதாரத் திட்டத்தை மாந்திரீகம் என்று சாடிய ஜார்ஜ் புஷ்ஷைத்தான் ரீகன் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டார். 2008-ல் ஹிலாரி ஜூன் மாதமே விலகி ஒபாமாவுக்காக மேடை ஏறினார். பிறகு அவருடைய வெளியுறவு அமைச்சரும் ஆனார்.

என் பார்வையில், கட்சியைக் காயப்படுத்துவது வசைச்சொல் அல்ல. பிரைமரியில் தோண்டி எடுக்கப்படும் தகவல்தான் ஆபத்து. 1988-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் டுகாக்கிஸிடம், ஆயுள் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு கொடுத்த திட்டத்தைப் பற்றி முதலில் விவாத மேடையில் கேட்டவர் அவருடைய கட்சிக்காரர் அல் கோர். சில மாதங்களில், அதிபர் தேர்தலில் டுகாக்கிஸை எதிர்த்த புஷ் தரப்பு அதையே பேராயுதமாக்கியது. 2012-ல் குடியரசுக் கட்சியின் ராம்னியின் முதலீட்டு நிறுவனமான பெயின் கேப்பிட்டலைச் சொந்தக் கட்சியின் கிங்ரிச் தாக்கினார். பிறகு ஒபாமா தரப்பும் அதே இடத்தில் அடித்தது.

அப்படியானால் நான் செய்தியை எப்படிப் படிப்பது?

குற்றச்சாட்டுக்குப் பின்னால் சட்டமோ வாக்கெடுப்போ நீதிமன்றப் பதிவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நவம்பரில் திரும்ப வரக்கூடும். வெறும் கோபத்தை வைத்து எதையும் கணிக்காதீர்கள். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2019 ஜூன் விவாதத்தில், கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் சேர்ந்து படிக்கப் பேருந்தில் அழைத்துச் செல்லும் திட்டத்தை பைடன் ஒருகாலத்தில் எதிர்த்ததைச் சொல்லி அவரை நேருக்கு நேர் மடக்கினார். இனி இருவரும் ஒட்டவே மாட்டார்கள் என்று அன்று பார்த்த பலர் நினைத்திருப்பார்கள். 2020 ஆகஸ்டில் பைடன் தன் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய என் மகளோ மகனோ பிரைமரியில் வாக்களிக்கலாமா?

தாராளமாக. ஆனால் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் ஒரு கட்சியின் வாக்காளர் என்று முன்பே பதிவு செய்தவர் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்க முடியும். டெக்சாஸில் அப்படிப் பதிவு கிடையாது. வாக்களிக்கும்போது எந்தக் கட்சி என்று சொன்னால் போதும். தேதியைத் தவறவிட்டால் யாராக இருந்தாலும் வெளியே நிற்கவேண்டியதுதான். 2016-ல் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் கட்சிப் பதிவை உரிய நேரத்தில் மாற்றாததால், நியூயார்க் பிரைமரியில் அப்பாவுக்கே வாக்களிக்க முடியவில்லை. ஆகவே மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் கடைசித் தேதியை முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

பிடித்த வேட்பாளருக்கு இங்கிருந்து பணம் அனுப்பலாமா?

கூடாது. வெளிநாட்டவர் அங்கே தேர்தல் நன்கொடை கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவருக்கும் இதே தடைதான். கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) உள்ளவர் நன்கொடை கொடுக்கலாம். ஆனால் அதிபர் தேர்தலில் வாக்களிக்க அவருக்கு உரிமை இல்லை. தெரியாமல் வாக்களித்தாலும் பின்னால் குடியுரிமை கேட்கும்போது அது பெரிய சிக்கலாகலாம்.