கோகெய்ன், மெத் பழக்கத்துக்கு மேஜிக் மஷ்ரூம் மருந்தாகுமா?

ஹெராயின் பழக்கத்துக்கு மெதடோன், புப்ரநார்பின் இருக்கின்றன. குடியை நிறுத்தவும் மாத்திரை உண்டு. ஆனால் கோகெய்ன், மெத் எடுப்பவர்களுக்கு? அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இல்லை. 2021-ல் 403 பேரிடம் நடந்த ஆய்வில், நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்ததில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் பலன். அதுவே பெரிய செய்தி ஆனது!

இந்த வெறுமையில்தான் மேஜிக் மஷ்ரூமில் இருக்கும் சைலோசைபின் மீது டாக்டர்களின் பார்வை விழுந்திருக்கிறது.

போதைக்குப் போதையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோகெய்ன் மூளையில் டோபமைனை நேரடியாக ஏற்றிவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பத் தேட வைக்கிறது. சைலோசைபின் வேலை செய்வது செரட்டோனின் வழியாக. 'இன்னும் வேணும்' என்ற ஏக்கத்தை அது பெரும்பாலும் உண்டாக்குவதில்லை.

தவிர, மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போகிற கதை இல்லை இது. முன்கூட்டியே பல நாள் கவுன்சலிங். பிறகு ஒருநாள், கண்ணைக் கட்டி, இசை கேட்டபடி படுத்திருக்க, ஆறு மணி நேரத்துக்கும் மேல் தெரபிஸ்ட்டுகள் பக்கத்திலேயே இருப்பார்கள். அந்த அனுபவத்தை வாழ்க்கையோடு பொருத்திப் பேச மறுபடியும் கவுன்சலிங்.

கோகெய்னுக்கு அலபாமா பல்கலைக்கழகம், மெத்துக்கு சிட்னி செயின்ட் வின்சென்ட்ஸ் மருத்துவமனை எனச் சோதனைகள் நடந்துள்ளன. ஆனால் அலபாமாவில் சேர்ந்தவர்கள் 40 பேர். இதை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குடிப்பழக்கத்துக்காக அமெரிக்காவில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில் பாதிப் பேருக்கு சைலோசைபின், மீதிப் பேருக்கு அலர்ஜி மாத்திரை. யாருக்கு எது என்று சொல்லவில்லை. ஆனாலும் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கண்டுபிடித்துவிட்டார்கள். சுவர் நெளிந்தால் தெரியாதா என்ன! சைலோசைபின் எடுத்தவர்கள் குடியை அதிகம் குறைத்தது உண்மை. அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் கஷ்டம்.

மெத் விஷயத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். மெத்தே சிலருக்கு மனச்சிதைவு போன்ற அறிகுறிகளைக் கொண்டுவரும். அதனால்தான் குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தால் பொதுவாக ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. கொடைக்கானலில் காளான் விற்பவர் இதையெல்லாம் கேட்கப்போவதில்லை. இந்தியாவில் சைலோசைபின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, வைத்திருந்தாலே வழக்கு.

இன்றைக்கு அதிக ஆதாரம் இருப்பது ஒரு சாதாரண முறைக்குத்தான். சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் கூப்பனோ சின்னப் பரிசோ தருவது. இது பல இடங்களில் கிடைப்பதில்லை என்பதுதான் வேதனை.

உங்களுக்கோ நண்பருக்கோ உதவி தேவையா? மத்திய அரசின் போதை மீட்பு இலவச எண்: 14446.