கரையில் வைத்த கல்

ரயில்வேயில் பாலங்களைப் பராமரிக்கும் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்துத்தான் பழக்கம். பதினோராம் வகுப்பு படிக்கும் பேரன், "தாத்தா, ரிஷிகேஷ் போய் கங்கையில் ரப்பர் படகு விடலாமா?" என்று சென்ற ஆண்டு கேட்டபோது, நானும் மாப்பிள்ளையும் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம்.

நீர் பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் இடத்தை 'ரேபிட்' என்கிறார்கள். அதன் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். தேவப்பிரயாகையில் அலகநந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கையாகின்றன. அதற்குக் கீழே கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 36 கிலோமீட்டர். அந்தப் பாதையில் 'தி வால்' என்ற நான்காம் தர ரேபிட் உண்டு. சிவபுரியிலிருந்து கிளம்பினால் சுமார் 16 கிலோமீட்டர்தான். 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' போன்ற மூன்றாம் தர ரேபிட்டுகள். "மாமா, வந்ததுதான் வருகிறோம், கௌடியாலாவிலிருந்தே போவோமே" என்றார் மாப்பிள்ளை. முதல் தடவைக்குச் சிவபுரியே போதும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

ஜூலை, ஆகஸ்டு மழை மாதங்களில் கங்கையில் படகு விடுவதில்லை. பள்ளி விடுமுறையை உத்தேசித்துச் செப்டம்பர் கடைசி நாட்களைத் தேர்ந்தெடுத்தோம். அதுதான் நான் செய்த தவறு.

நாங்கள் போய்ச் சேர்வதற்கு முந்தைய இரவு மலையில் நல்ல மழை. சிவபுரியில் தண்ணீர் சேறாக ஓடியது. பழைய வழக்கப்படி, தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கல்லைக் காணோம்; அது இருந்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்! படகுக்காரர், "ஒன்றும் ஆகாது, பாவூஜி" என்றார். மற்றப் படகுகள் கிளம்பிக்கொண்டுதான் இருந்தன. நான் வேண்டாம் என்றேன். கட்டிய முன்பணம் போயிற்று. ஹரித்வாரிலிருந்து டில்லி வரை பேரன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று போன படகுகளெல்லாம் பத்திரமாகவே கரை சேர்ந்தன. "பார்த்தீர்களா, மாமா?" என்றார் மாப்பிள்ளை. சிவப்பு சிக்னலைத் தாண்டிய வண்டி விபத்தில்லாமல் நின்றுவிட்டாலும், தாண்டியது தவறுதான். பாலத் தூண்களில் அபாய மட்டத்தைக் கோடு போட்டு வைப்பது எதற்காக? தண்ணீர் அதைத் தொட்டபின் யாரும் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகத்தான்.

நவம்பரில் மறுபடி கிளம்பினோம். தண்ணீர் தெளிந்து பச்சையாக இருந்தது. போக நினைக்கும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: பொதுவாகப் பதினான்கு வயது நிறைந்தவர்களையே ஏற்றுகிறார்கள். மிதவைச் சட்டையைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை வந்தால் தளர்வு என்று பொருள். தலைக்கவசம் அவசியம். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். புடவை, துப்பட்டா ஆகாது. தவறி விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள்; பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் நீட்டி மிதந்தால் போதும். வானம் வெளுத்திருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். மேலே பாகீரதியில் தெஹ்ரி அணை இருக்கிறது, அங்கிருந்து வரும் தண்ணீரும் மட்டத்தை மாற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வருவதற்கும் மனத்தில் இடம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அன்று படகுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். பேரனைக் காணவில்லை என்று தேடினேன். தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குந்தியிருந்தான்.

"அரை மணி ஆச்சு, தாத்தா. கல் அப்படியே இருக்கு. போகலாமா?"

போனோம்.