பனிக்கட்டி மேல் ராட்சதக் கழுகுகள்!

பிப்ரவரி மாதம். விடியற்காலை 5 மணி. ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவு. அங்கே ரவுசு என்ற துறைமுகத்தில் இருந்து ஒரு படகு புறப்படுகிறது.

படகு நிறைய போட்டோ பிடிப்பவர்கள்! குளிரில் காமிரா பாட்டரி சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஆகவே, மாற்று பாட்டரிகளைச் சட்டைக்குள் வைத்துச் சூடாகக் காக்கிறார்கள்.

கடல் எங்கும் பனிக்கட்டிப் பாளங்கள் மிதக்கின்றன. பொழுது புலர்கிறது. படகுக்காரர் பனிக்கட்டி மேல் மீனை வீசுகிறார்.

"விர்" என்று இறங்குகிறது ஒரு கழுகு! கரிய உடல், வெள்ளைத் தோள், மஞ்சள் அலகு. சிறகை விரித்தால் சுமார் 8 அடி! ஆணைவிடப் பெண்ணே பெரியது. அதன் எடை 9 கிலோ வரை இருக்கும்.

இதுதான் ஸ்டெல்லர் கடல் கழுகு. ரஷியாவில் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தில் இரை தேடி இங்கே வரும்.

ஈயம் தந்த சாவு

இவ்வளவு பெரிய பறவைக்கும் ஓர் எமன் உண்டு. அதுதான் ஈயம்!

வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுச்சென்ற மான் இறைச்சியைக் கழுகுகள் தின்றன. அதில் இருந்த ஈயத் தோட்டாத் துகள்கள் வயிற்றில் விஷமாயின. 1990-களில் பல கழுகுகள் மாண்டன.

2000-ம் ஆண்டில் அங்கே மான் வேட்டைக்கு ஈயத் தோட்டா தடை செய்யப்பட்டது. ஆனாலும் சாவு அடியோடு நிற்கவில்லை.

மனிதன் வீசும் மீனை நம்பி வருகிறது கழுகு. மனிதன் சுட்ட தோட்டாவையும் அறியாமல் விழுங்கிவிடுகிறது!