எல்லை தாண்டிய திரை – 9: போசியும் கையுறையும்

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் பனியன்தான் ஞாபகம் வரும். அனுப்பர்பாளையத்துக்காரர்களிடம் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அது பாத்திர ஊர். பித்தளை அண்டா, செம்புக் குடம், எவர்சில்வர் போசி என்று தலைமுறை தலைமுறையாகத் தட்டியும், பாலீஷ் போட்டும், ஈயம் பூசியும் வந்த ஊர்.

பட்டறையில் அடிவாங்கி உருவாகிற போசி, கடை வழியாக வீட்டுக்குப் போனதும் ஒரு பெண்ணின் கைக்கு வருகிறது. அதைத் தேய்த்துக் கழுவியே அவள் ஆயுள் கரைகிறது. இந்த இரண்டாம் பாதியைப் படமாக எடுத்தவர் மலையாள இயக்குநர் ஜியோ பேபி. பெரிய ஓ.டி.டி. நிறுவனங்கள் கைவிரித்துவிட, 2021 ஜனவரியில் நீஸ்ட்ரீம் என்ற சின்னத் தளத்தில் வந்தது அவருடைய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருது பின்னால் தேடி வந்தது.

இந்தப் படத்தில் கொடுமைக்கார மாமனார் கிடையாது. குரலை உயர்த்தாமல், மகளிடம் சொல்வதுபோலத்தான் சொல்கிறார்: சோறு விறகடுப்பில் வேகட்டும், சட்னியை அம்மியில் அரைத்துவிடு, என் துணியை மட்டும் மெஷினில் போடாதே. காலையில் அவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷைக்கூட மாமியார்தான் கொண்டுவந்து நீட்டுகிறார். சிங்க்கின் அடியில் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி மருமகள் கேட்டு அலுத்துப்போகிறாள். கணவனுக்கு ஒவ்வொரு நாளும் மறந்துபோகிறது. அந்த அழுக்குத் தண்ணீரையும், சாப்பாட்டு மேசையில் மென்று துப்பிய சக்கையையும் கேமரா விடாமல் காட்டுகிறது. மருமகளாக வரும் நிமிஷா சஜயனின் முகத்தைவிட அவர் கைகள்தான் அதிகம் நடித்திருக்கின்றன. வசனத்தைவிடப் பாத்திரச் சத்தம் அதிகம் கேட்கும் படம் இது.

சபரிமலை விரதம், எல்லா வயதுப் பெண்களும் அங்கே போகலாம் என்ற 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி எழுந்த சண்டை என்று கதையின் பின்னணி முழுக்க கேரளம். அப்படி இருந்தும் கொங்கு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது பக்கத்து வீட்டுக் கதையாகத் தெரிகிறது, சமயத்தில் சொந்த வீட்டுக் கதையாகவும். ஆர்.கண்ணன் 2023-ல் இதைத் தமிழில் எடுத்தார், ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தார். மூலத்தின் காரம் அதில் இறங்கவில்லை என்பது என் எண்ணம்.

இப்படி வீட்டையும் தெருவையும் உற்றுப் பார்க்கிற பழக்கம் மலையாளப் படக்காரர்களுக்கு நேற்று வந்ததில்லை. நாயர் ஆசிரியர் ஒருவர் தலித் பெண்ணைக் காதலித்துக் கைவிட்ட கதையை 1954-லேயே 'நீலக்குயில்' சொல்லிவிட்டது. அதற்காக மலையாள சினிமாவைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதும் இல்லை. 'விகதகுமாரன்' என்ற முதல் மௌனப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காக, தலித் பெண்ணான பி.கே.ரோஸியை ஊரை விட்டே துரத்தியது அதே சமூகம். அவர் தப்பி வந்து சேர்ந்தது தமிழ்நாட்டில். மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024-ல் வெளிவந்தபோது அந்தத் திரையுலகின் இன்றைய முகமும் தெரிந்துபோனது.

நம் பக்கத்து ஆட்கள் பெருமைப்பட ஒரு தகவல். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்', ஈரோட்டைத் தாண்டினால் வந்துவிடுகிற சேலத்தில் பிறந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1938-ல் தயாரித்தார். 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' வந்ததும் அதே நிறுவனத்திடமிருந்துதான்.

இப்போது பனியனுக்கு வருகிறேன், ஒரு கையுறை ஃபேக்டரி வழியாக. மகேஷ் நாராயணனின் 'அறியிப்பு' (2022) நொய்டாவில் மருத்துவக் கையுறை தயாரிக்கும் ஃபேக்டரியில் நடக்கிறது. வெளிநாட்டு வேலைக்காகக் காத்திருக்கும் மலையாளித் தம்பதி அங்கே வேலை செய்கிறார்கள். விசாவுக்காக மனைவி வேலைத்திறனைக் காட்டி எடுத்த வீடியோவில் யாரோ ஆபாசக் காட்சியை ஒட்டி, தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் விட்டுவிடுகிறார்கள். நிர்வாகம் மூடி மறைக்கப் பார்க்கிறது. கணவனுக்கு மனைவி மேலேயே சந்தேகம். ஃபேக்டரியின் வெளிறிய வெளிச்சமும், முகக்கவசத்துக்கு மேலே தெரியும் கண்களும், ஓயாத மிஷின் இரைச்சலும் திருப்பூரில் ஒருநாள் வேலை பார்த்தவருக்குக்கூடப் பழகியவைதான்.

ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமைச் சம்பளம், செக்கிங் டேபிளில் நாளெல்லாம் நின்ற கால்வலி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பக்கத்து அறையில் தங்கியிருக்கும் பையன்கள் என்று இங்கே இல்லாத கதையா? தமிழ் சினிமாவுக்கோ கொங்கு என்றால் இன்னமும் 'சின்னக் கவுண்டர்', 'எஜமான்' காலத்துப் பண்ணை வீடுதான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. சென்னைத் துணிக்கடைக்குள் புகுந்து வசந்தபாலன் 2010-ல் 'அங்காடித் தெரு' எடுத்தார். அந்தத் துணியைத் தைத்து அனுப்புகிற ஊருக்குள் யாராவது அதே அக்கறையோடு கேமராவைக் கொண்டுவர வேண்டும். கூலி உயர்வு கேட்டுப் பட்டறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய நாட்களைப் பற்றிச் சொல்ல அனுப்பர்பாளையத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஆனைகட்டி தாண்டி அட்டப்பாடிக்குப் போவோம். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடித் தேசிய விருது வாங்கிய இருளர் பாடகி நஞ்சியம்மாவின் மலை அது. அதற்குள் முடிந்தால் 'அறியிப்பு' பார்த்துவிடுங்கள், நெட்ஃப்ளிக்ஸில் வெளியான படம்.